2003 ஃபோர்டு இ-450 மோட்டார்ஹோம்: 4 ஷாக்கும் மாத்தணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சக்கரவீடு

வண்டி 2003 ஃபோர்டு இ-450 சேசிஸ், கிளாஸ் சி (வேன் முகப்புக்குப் பின்னால வீடு கட்டின வகை), 31 அடி, 6.8 லிட்டர் வி10. ஓடினது 61,000 மைல். 4 ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) கம்பெனியிலேயே போட்டு வந்தவை.

பாலத்து இணைப்புல ஏறி இறங்கினா மூக்கு மூணு நாலு தடவை குனிஞ்சு நிமிருது. பக்கத்துல பெரிய டிரக் கடந்தா ஒரு பக்கமா தள்ளுது, ஸ்டியரிங்கைத் திருத்திக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் நிக்குது. பின் இடது ஷாக்கில் எண்ணெய்க் கறை தெரியுது.

எந்த ஷாக் வாங்கலாம்? வீட்டு வாசல்லயே மாத்த முடியுமா? மாத்தினா இந்த மூணும் தீருமா?

கிரீஸ்கை

மூணும் தீராது. ஒண்ணு தீரும், ஒண்ணு பாதி குறையும், ஒண்ணு அப்படியே இருக்கும்.

ஷாக் எடையைத் தாங்குற சாமான் இல்லை. எடையைத் தாங்குறது ஸ்பிரிங்: இந்த வண்டியில முன்னால காயில், பின்னால லீஃப் கட்டு. ஸ்பிரிங் அமுங்கித் திரும்ப எழும்புற ஆட்டத்தை எண்ணெயைச் சின்ன ஓட்டை வழியாப் பிதுக்கி வெப்பமா மாத்தி அடக்குறதுதான் ஷாக்கோட வேலை. அதனால மூக்கு குனிஞ்சு நிமிர்றது ஷாக் போட்டதும் நிக்கும். பின்பக்கம் தாழ்ந்தது லீஃப் தளர்ந்ததாலயோ, சுமை கூடினதாலயோ. எவ்வளவு விலைக்கு ஷாக் வாங்கிப் போட்டாலும் அரை அங்குலம்கூட உயராது.

டிரக் தள்ளுற விஷயம் கலவை. காத்து வந்து அடிக்கிறப்போ உடம்பு சாயுற வேகத்தை நல்ல ஷாக் குறைக்கும். ஆனா எவ்வளவு சாயுதுங்கிறது சாய்வுத்தடுப்புக் கம்பியோட (ஸ்வே பார்) வேலை. ஸ்டியரிங்கைத் திருத்திக்கிட்டே இருக்கணும்னா டயர் காத்து, அலைன்மெண்ட் (சக்கரக் கோணம்), தேய்ஞ்ச புஷ் (இணைப்புகள்ல இருக்கிற ரப்பர் வளையம்) இதுல ஏதோ ஒண்ணு.

ஷாக் ஆர்டர் பண்றதுக்கு முன்னால வண்டியை எடை போடுங்க. தண்ணி, பெட்ரோல், சாமான், ஆளுங்க எல்லாம் ஏத்திக்கிட்டு டிரக் ஸ்டாப்புல இருக்கிற கேட் ஸ்கேல் (CAT) எடை மேடையில ஏத்தினா முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியா அச்சடிச்சுக் குடுத்துடுவாங்க. டிரைவர் கதவுச் சட்டத்துல ஒட்டியிருக்கிற தாள்ல ஆக்சில் வரம்பு இருக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

ஒன்டாரியோ_துரு

இதோட ஒரு சோதனை. மூக்கை அமுக்கி விட்டுப் பார்க்கிற பழைய வித்தை காருக்குத்தான் சரி, 6 டன் வண்டியை எந்த மனுஷன் அமுக்குறது? அதுக்குப் பதிலா மேடு பள்ளமான ரோட்டுல 15, 20 நிமிஷம் ஓட்டி நிறுத்தி, உடனே நாலு ஷாக் குழாயையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால அளந்து பாருங்க. வேலை செய்ற ஷாக் சூடாகும். ஒரே ஆக்சில்ல ஒண்ணு சூடா, இன்னொண்ணு சில்லுனு இருந்தா சில்லுனு இருக்கிறது செத்துப் போச்சு. எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்துல ஓடுற பக்கம் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதைக் கழிச்சுப் பாருங்க.

டயரையும் கையால தடவணும். ஓரத்துல கிண்ணம் கிண்ணமா குழி விழுந்திருந்தா டயர் ரோட்டை விட்டுக் குதிச்சிருக்குன்னு அர்த்தம். அப்படிக் குழி விழுந்த டயர் ஷாக் மாத்தின பிறகும் சத்தம் போடும். அதைக் கேட்டுட்டு "புது ஷாக்கும் சரியில்லை"ன்னு கிளம்புறவங்க நிறைய.

சக்கரவீடு

எண்ணெய்க் கறை இருந்தா கட்டாயம் மாத்தணுமா? குழாயோட மேல் பாதி மட்டும் ஈரப்பசையா தூசி பிடிச்சிருக்கு.

லீஃப்பட்டை

சீல் ஓரத்துல லேசா வேர்த்த மாதிரி தூசி ஒட்டியிருந்தா அது இயல்பு. தண்டு ஒவ்வொரு தடவை வெளிய வரும்போதும் சீலுக்கு வழவழப்பா ஒரு படலம் எண்ணெயைக் கொண்டுவரும். கீழ்க் கண் (போல்ட்டு நுழையுற வளையம்) வரைக்கும் வழிஞ்சு சொட்டுக் கட்டினா ஷாக் முடிஞ்சுது. துடைச்சுட்டு 200 மைல் ஓட்டிப் பாருங்க. மறுபடி வழிஞ்சா சந்தேகமே வேண்டாம்.

ஆனா உங்க விஷயத்துல 20 வருஷத்துக்கு மேல ஆன ரப்பர் புஷ், அதே வயசு சீல். கசிவு இருக்கோ இல்லையோ நாலையும் மாத்துங்க. ஒரு ஆக்சில்ல ஒண்ணை மட்டும் மாத்துறது எப்பவுமே தப்பு, இடதும் வலதும் வேற வேற அடக்கம் குடுக்கும்.

கிரீஸ்கை

எதை வாங்கறதுங்கிற கேள்விக்கு வர்றேன்.

கம்பெனி ஷாக் ரெட்டைக்குழாய் வகை: உள்குழாய்ல பிஸ்டன், சுத்தி வெளிக்குழாய்ல உபரி எண்ணெய். விடாம ஆடுற ரோட்டுல எண்ணெய் சூடாகி நுரைச்சா அடக்கம் குறையும். பில்ஸ்டைன் ஒற்றைக்குழாய் வகை: எண்ணெய்க்கும் அழுத்தமான நைட்ரஜனுக்கும் நடுவுல மிதக்குற ஒரு தடுப்பு பிஸ்டன். நுரைக்காது, சூட்டை நேரா வெளிக்காத்துக்கே விடும். கோனியோட எஃப்எஸ்டி வகையில உடம்பு மெதுவா ஆடும்போது இறுக்கமாவும், சக்கரம் சட்டுனு துள்ளும்போது இளக்கமாவும் இருக்க உள்ளேயே ஒரு வால்வு. ரான்சோ ஆர்எஸ்9000 வரிசையில குமிழைத் திருகி 9 நிலை மாத்தலாம். மன்ரோவோட கேஸ்-மேக்னம் ரெட்டைக்குழாய்தான், விலை குறைவு.

இ-450-க்கு என் தேர்வு பில்ஸ்டைன்.

நிதானம்

அங்கதான் எனக்கு ஒத்துவரலை. ஒற்றைக்குழாய் சின்னக் குழி, பிளவுகளைக் கையில காட்டும். அதிகம் ஓடாத, மணிக்கு 55 மைலுக்கு மேல போகாத வண்டிக்கு நல்ல ரெட்டைக்குழாய் ஷாக்கே போதும். மிச்சக் காசுக்குப் பின்னால தடிச்ச ஸ்வே பார் போட்டா டிரக் தள்ளுறதுக்கு அதுதான் நேரடி மருந்து. ஷாக்குல எல்லாக் காசையும் கொட்டிட்டு ஸ்வே பார் புஷ் நைஞ்சு தொங்குறதைக் கவனிக்காம விடறது வழக்கமா நடக்குறது.

கிரீஸ்கை

ஸ்வே பார் புஷ் விஷயத்துல மறுப்பே இல்லை, அதை முதல்ல பாருங்க. முன் பின் ரெண்டுலயும் ரப்பர் வெடிச்சு, கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆனா மலைப்பாதையில நீண்ட இறக்கம், மேற்கு மாநில ரோடுன்னு போறவங்களுக்கு ரெட்டைக்குழாய் சீக்கிரம் களைச்சுப் போகும். இவர் எங்க ஓட்டுறாருன்னு சொன்னாத்தான் முடிவு.

சக்கரவீடு

கோடையில ராக்கி மலைப்பக்கம், மீதி நாள் மிச்சிகன். எடையும் போட்டாச்சு: முன் 4,150 பவுண்டு, பின் 9,020. கதவுத் தாள்ல முன் 4,600, பின் 9,450, மொத்தம் 14,050. டயர் எல்டி225/75ஆர்16, இ வகை. ஆறுலயும் 80 பிஎஸ்ஐ வெச்சிருக்கேன்.

லீஃப்பட்டை

வரம்புக்குள்ள இருக்கு, ஆனா பின்னால 430 பவுண்டுதான் மிச்சம். பின்பக்கம் தாழ்ந்ததுக்கு விடை பாதி இதுலயே இருக்கு. 31 அடி வண்டியில பின் ஆக்சிலுக்குப் பின்னால நீளம் அதிகம். அங்க ஏத்துற சாமான் பின் ஆக்சிலை அமுக்குறதோட நெம்புகோல் மாதிரி முன்சக்கரத்தைத் தூக்கவும் செய்யும். கனமான சாமானை ஆக்சிலுக்கு முன்னால மாத்தி வைங்க.

டயர்: அந்த அளவு டயர் 80 பிஎஸ்ஐ-ல ஒத்தையா 2,680 பவுண்டு, ஜோடியில ஒவ்வொண்ணும் 2,470 தாங்கும். பின்னால 9,020-ஐ நாலாப் பிரிச்சா 2,255. 80-ஐக் குறைக்காதீங்க. முன்னால பக்கத்துக்கு 2,075. 65 பிஎஸ்ஐ-லயே 2,335 தாங்கும். அதாவது முன்டயர் கல்லு மாதிரி நிக்குது. டயர் கம்பெனியோட சுமை அட்டவணையைப் பார்த்து 65, 70-க்குள்ள கொண்டாங்க. கேட் ஸ்கேல் இடது வலது பிரிச்சுக் காட்டாது, அதனால மிச்சம் விட்டே வைக்கணும். காலையில டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கணும். காசு செலவில்லாத இந்த ஒரு மாத்தம் ஸ்டியரிங் அலைச்சலைப் பாதியாக்கினாலும் ஆச்சரியமில்லை.

கிரீஸ்கை

ராக்கி மலைன்னா ஒற்றைக்குழாய்தான், நிதானம் மன்னிக்கணும்.

ஆர்டர் பண்ணும்போது வெறும் "இ-450"ன்னு குடுக்காதீங்க. கதவுத் தாள்ல இருக்கிற தயாரிப்பு மாசம், வருஷம், மொத்த எடை வரம்பு மூணையும் குடுங்க. வந்ததும் பெட்டியைப் பிரிச்சு நீளத்தை அளங்க. வண்டி ஏத்தின சுமையோட சமதரையில நிக்கும்போது மேல் பிடிப்புக்கும் கீழ் பிடிப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு, ஆக்சிலுக்கும் இடிதாங்கி ரப்பருக்கும் (பம்ப் ஸ்டாப்) நடுவுல இடைவெளி எவ்வளவுன்னு எடுத்துக்குங்க.

உதாரணத்துக்கு தூரம் 450 மில்லி, இடைவெளி 75 மில்லின்னு வைங்க. முழுசா அமுங்கினா 375. ஷாக்கோட மூடின நீளம் 360-ன்னா சரி, முதல்ல இடிதாங்கி இடிக்கும். 390-ன்னா இடிதாங்கிக்கு முன்னால ஷாக்கோட அடிப்பாகம் இடிச்சு, பிடிப்பைப் பிய்க்கும், இல்லை உள்வால்வை உடைக்கும். பின்பக்கம் தாழ்ந்த வண்டியில இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

சக்கரவீடு

சரி, கழட்டுறது? ஜாக்கி போட்டுத் தூக்கணுமா?

ஒன்டாரியோ_துரு

தூக்கவே வேண்டாம். நாலு ஷாக்கும் வண்டி தன் சக்கரத்துல நிக்கும்போதே கழட்டலாம். ஷாக்கைக் கழட்டினா ஸ்பிரிங் எங்கயும் போகாது, வண்டியும் இறங்காது. கான்கிரீட் தரை, ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. முன் ஷாக்குக்கு ஸ்டியரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சா கை போக வழி கிடைக்கும். பின்னால ஜோடிச் சக்கரத்தைக் கழட்டாமலே அடியில படுத்து வேலை பார்க்கலாம்.

நிதானம்

இடம் பத்தலைன்னு தூக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. வண்டியோட லெவலிங் ஜாக்கை நம்பி அடியில போகவே கூடாது. ஹைட்ராலிக் சீல் ஒண்ணு விட்டா அவ்வளவுதான். எடைக்குத் தகுந்த ஸ்டாண்டை ஃபிரேமுக்கு அடியில வைக்கணும். முன்னால தூக்கினா ஐ-பீமுக்கும் (முன்சக்கரத்தைத் தாங்குற இரும்பு உத்தரம்) தாங்கல் குடுங்க. அது கீழ இறங்கறதுக்கு எல்லை கட்டுறது ஷாக்தான், கழட்டினதும் தொங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். முன்சக்கரத்தைக் கழட்டினா நட்டை 140 அடி-பவுண்டுல, அதாவது 190 நியூட்டன் மீட்டர்ல முடுக்கி, 100 மைல் ஓடினதும் மறுபடி பாருங்க.

கிரீஸ்கை

முன் ஷாக்கோட மேல்முனை ஸ்பிரிங் கோபுரம் வழியா மேல வர்ற ஒரு தண்டு, அதுல ரப்பர் புஷ், வாஷர், நட். கீழ ரேடியஸ் ஆர்ம்ல (ஐ-பீமை ஃபிரேமோட இணைக்கிற கை) பிடிச்சிருக்கும். மேல் நட்டுதான் முழு வேலைக்கும் வில்லன். பானட்டைத் திறந்து கையை இறக்கணும், சில வண்டியில ஏர் ஃபில்டர் பெட்டியையோ பேட்டரித் தட்டையோ நகர்த்தினாத்தான் நட்டு தெரியும். நட்டைத் திருப்பினா தண்டும் கூடவே சுத்தும். அதைத் தடுக்க தண்டு நுனியில தட்டையா ஒரு இடம் இருக்கும், சின்ன ஸ்பானர் போட்டுப் பிடிச்சுக்கிட்டு நட்டைத் திருப்பணும்.

மூணு நாள் முன்னாலயே தினம் ரெண்டு வேளை துரு இளக்கி எண்ணெய் அடிங்க. கம்பி பிரஷ்ஷால மரையைத் தேய்ச்சுட்டு அடிச்சா உள்ள இறங்கும், துருவுக்கு மேலயே அடிச்சா மேலயே நிக்கும்.

ஒன்டாரியோ_துரு

உப்பு ரோட்டுல ஓடின மிச்சிகன் வண்டியில அந்தத் தட்டை இடம் துருவுல கரைஞ்சு உருண்டையாகியிருக்கும், பிடிக்காது. அப்போ நட் ஸ்பிளிட்டர் போட்டு நட்டைப் பிளங்க. வாய் நுழையலைன்னா வெட்டுற ரம்பத்தால ரப்பர் புஷ்ஷைக் குறுக்கே அறுத்து, தண்டை ஃபிரேமுக்குக் கீழயே துண்டிச்சா பழைய ஷாக் விழும், மேல இருக்கிற துண்டைத் தட்டி எடுக்கலாம். பழைய ஷாக்கைக் காப்பாத்த வேண்டிய அவசியம் நமக்கு இல்லையே.

எரிக்கிற டார்ச் மட்டும் வேண்டாம். ஷாக்குக்குள்ள அழுத்தக் காத்து, பக்கத்துல பிரேக் குழாய், பெட்ரோல் குழாய். அதோட இது மோட்டார்ஹோம், ஃபிரேம் ஓரமா சமையல் வாயுக் குழாயும் ஒயரும் எங்க வேணா ஓடும். வீட்டுப் பாகத்தைக் கட்டினவங்க ஃபோர்டு படத்தைப் பார்த்து இழுக்கலை. ரம்பம் போடும்போதும் மறுபக்கம் என்ன இருக்குன்னு டார்ச்லைட் அடிச்சுப் பார்த்துட்டே போடுங்க.

லீஃப்பட்டை

பின்னால ரெண்டு முனையும் கண்ணும் போல்ட்டும். இங்க நடக்குற கூத்து வேற: நட்டு கழண்டுடும், போல்ட்டு வராது. போல்ட்டோட உடம்பும் புஷ்ஷோட உள்குழலும் துருவால ஒண்ணாகியிருக்கும். திருப்பினா ரப்பர் முறுகி போல்ட்டு சுத்தும், ஆனா ஒரு மில்லிகூட வெளிய வராது. சுத்தியலால மரையைத் தட்டித் தட்டிக் காளான் ஆக்காதீங்க. கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடைப்பட்ட சந்துல ரெண்டு பக்கமும் அறுத்துடுங்க. அதுக்கு முன்னாலயே புது போல்ட்டு, நட்டு வாங்கி வெச்சிருக்கணும். கிரேடு 8, தலையில 6 கோடு இருக்கும். மெட்ரிக்னா 10.9. பலசரக்கு இரும்புக் கடையோட சாதா போல்ட்டு வேண்டாம். கண்ணுக்குள்ள உட்கார்ற இடத்துல மரை வரக்கூடாது, வழவழப்பான உடம்புதான் வரணும்.

சக்கரவீடு

இம்பாக்ட் ரெஞ்ச் இருக்கு. மாட்டுறப்போ அதையே போட்டு முடுக்கிடலாமா?

கிரீஸ்கை

கழட்டப் போடுங்க, மாட்டப் போடாதீங்க. தண்டு முனை நட்டுல இம்பாக்ட் போட்டா தண்டு வேகமாச் சுத்தி உள்ள பிஸ்டன் நட்டு தளரலாம். சுத்துதேன்னு பளபளப்பான தண்டைப் பிளையர்ல பிடிச்சா அதைவிட மோசம். ஒரு கீறல் விழுந்தா அது ஒவ்வொரு அசைவுக்கும் சீலை அறுக்கும், சீக்கிரமே எண்ணெய் வெளிய வந்துடும்.

தண்டு முனையில ரப்பர் புஷ் பிதுங்கி வாஷரோட விளிம்பு வரைக்கும் வந்தா போதும். தண்டுல படி இருந்தா வாஷர் அதுல உட்காரும் வரைக்கும். சப்பையாகிற அளவுக்கு முடுக்கினா ரப்பர் சீக்கிரம் வெடிக்கும், ஒவ்வொரு குழியும் நேரா ஃபிரேமுக்கு வரும்.

ஒற்றைக்குழாய் ஷாக் பட்டை கட்டி அமுங்கின நிலையில வரும். மேல் முனையை மாட்டி, கீழ் முனையைப் பிடிப்புக்கு நேரா வெச்சுட்டுத்தான் பட்டையை அறுக்கணும். முகத்தை வழியில வைக்காதீங்க, கீழ் முனை தானா நீண்டு வரும். நழுவ விட்டுட்டா ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சு மாட்டுறது மல்லுக்கட்டு.

நிதானம்

ரெட்டைக்குழாய் வாங்குறவங்களுக்கு: பெட்டியில படுத்தே வந்த ஷாக்ல காத்து வேலை செய்ற குழாய்க்குள்ள போயிருக்கும். நிமிர்த்திப் பிடிச்சு முழுசா இழுத்து முழுசா அமுக்குறதை 5, 6 தடவை செய்யுங்க, நடுவுல வர்ற தொளதொளப்பு போயிடும். அதைத் தலைகீழா மாட்டவும் கூடாது. ஒற்றைக்குழாய்க்கு இந்த ரெண்டு கவலையும் இல்லைன்னு ஒத்துக்கறேன்.

லீஃப்பட்டை

கண் உள்ள முனைகளோட போல்ட்டைக் கடைசியா முடுக்குறது வண்டி தன் எடையில, சமதரையில நிக்கும்போதுதான். சக்கரம் தொங்கும்போது முடுக்கினா உள்குழல் அந்தக் கோணத்துலயே பூட்டிக்கும். வண்டி இறங்கினதும் ரப்பர் முறுகின நிலையிலயே வாழ்நாள் பூரா இருந்து கிழியும். முறுக்கு அளவு உங்க வருஷத்துப் பட்டறைக் கையேட்டுல போல்ட்டு போல்ட்டா இருக்கு. மரையில ஆன்டி-சீஸ் (துருப்பிடிச்சு ஒட்டிக்காம இருக்கப் பூசுற பசை) தடவினா அதே அளவுக்கு முடுக்கும்போது போல்ட்டு அதிகமா இழுபடும். அதனால மரையை விட்டுட்டு குழலுக்குள்ள போற உடம்புல மட்டும் தடவுங்க. அடுத்த தடவை ரம்பம் எடுக்க வேண்டியிருக்காது.

ஒன்டாரியோ_துரு

மாட்டினதும் ஸ்டியரிங்கை ரெண்டு கோடிக்கும் ஒடிச்சு பிரேக் ஹோஸ், ஒயர் எதுவும் ஷாக் குழாய்ல உரசலையான்னு பாருங்க. புதுசு பழசைவிடப் பருமனா இருக்கலாம். 30 மைல் ஓட்டிட்டு வந்து நாலு ஷாக்கோட எல்லா நட்டையும் மறுபடி ஒரு பார்வை.

பழைய ஷாக்கை இரும்புக் கடையில அழுத்தக் காத்து உள்ளதுன்னு சொல்லிக் குடுங்க. நெருப்புல போடுறதோ வெல்டிங் பண்றதோ கூடாது.

சக்கரவீடு

முன்டயரை 68-க்குக் கொண்டுவந்தேன். அலைச்சல் கணிசமாக் குறைஞ்சுது, ஆனா போகலை. ஷாக் அடுத்த வாரம் வருது. மிச்ச அலைச்சலுக்கு ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்குற ஷாக்) ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?

கிரீஸ்கை

இப்ப வேண்டாம். டேம்பர் அலைச்சலை மூடி மறைக்கும், காரணம் கீழ வளரும். முதல்ல வண்டி தரையில நிக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, ஒருத்தரை ஸ்டியரிங்கை இடதும் வலதுமா கால் சுத்து ஆட்டச் சொல்லுங்க. நீங்க சக்கரத்துக்கு நேர அடியில போகாம ஓரமாப் படுத்து பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பெட்டியில இருந்து வர்ற கை), இணைப்புத் தண்டு முனைகள், பால் ஜாயிண்ட், ஐ-பீம் திருகு புஷ், ரேடியஸ் ஆர்ம் புஷ் ஒவ்வொண்ணாப் பாருங்க. ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையத் தாமதமானா அங்கதான் தேய்மானம். அதை மாத்திட்டு, ஷாக்கும் போட்டுட்டு, வழக்கமான சுமையோட அலைன்மெண்ட் கடைக்குப் போங்க. இந்த வண்டியில கேஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சோட முன்பின் சாய்வு) மாத்துறது மேல் பால் ஜாயிண்ட்ல இருக்கிற மையம் விலகின வளையத்தால. கம்பெனி வளையத்துக்குப் பதிலா வேற கோண வளையம் போடணும், அது தனிச் செலவு. "வரம்புக்குள்ள இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. கேஸ்டரை வரம்போட மேல்பக்கம், ரெண்டு பக்கமும் 5 டிகிரியை ஒட்டி வெச்சுக் குடுங்கன்னு கேளுங்க, வளைவு முடிஞ்சதும் ஸ்டியரிங் தானா நடுவுக்கு வரும்.

நிதானம்

பின்பக்கம் தாழ்ந்ததுக்கு ஏர்பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையா வைக்கிற காத்துப் பை) யோசிக்கிறீங்கன்னா ஷாக் அளவு எடுக்கிறதுக்கு முன்னால முடிவு பண்ணுங்க. ஏர்பேக் போட்டு ஒரு அங்குலம் உயர்த்தினா கிரீஸ்கை சொன்ன 450 மில்லி கணக்கு அப்படியே மாறும். இன்னொண்ணு: ஏர்பேக் கதவுத் தாள்ல இருக்கிற 9,450-ஐ ஒரு பவுண்டுகூடக் கூட்டாது.

சக்கரவீடு

ஏர்பேக் இப்போதைக்கு இல்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால இருந்த கருவிப்பெட்டி, மடக்கு மேசை எல்லாம் முன்பக்க அலமாரிக்கு மாத்திட்டேன். அதோட மறுபடி எடை போட்டுட்டு நீளம் அளக்கறேன். முன் வலது மேல் நட்டுல இப்பவே எண்ணெய் அடிக்க ஆரம்பிச்சாச்சு. தட்டை இடம் உருண்டையாத்தான் இருக்கு.

ஒன்டாரியோ_துரு

அப்போ நட் ஸ்பிளிட்டரும் 6 அங்குல உலோக ரம்ப பிளேடு நாலும் வாங்கி வெச்சுடுங்க. ஒரு ஷாக்குக்கு ஒரு பிளேடு போகும்.